நட்சத்திரம் மாறினால் ரசிகருக்கு ஏன் வலிக்கிறது?

ஒரு பாப் பாடகர் புதிய ஆல்பத்தோடு வேறு ஆளாக வந்து நிற்கும்போதெல்லாம் ஒரே மாதிரிச் சண்டை மூள்கிறது. தலைமுடி நிறம் மாறியிருக்கும், உடை மாறியிருக்கும், கிட்டார் இருந்த இடத்தில் சிந்தசைசர் வந்திருக்கும். "காசுக்கு விலைபோய்விட்டார்" என்று ஒரு கூட்டம் கொதிக்கும். "ஒரு பாட்டுக்காரர் சட்டை மாற்றியதற்கா இவ்வளவு அழுகை?" என்று இன்னொரு கூட்டம் சிரிக்கும். முதல் கூட்டத்துக்கு நட்சத்திரம் குற்றவாளி. இரண்டாவது கூட்டத்துக்கு ரசிகர் கிறுக்கர்.

இரண்டு பேச்சும் எனக்கு உவப்பில்லை. பத்து வருடம் ஒரு குரலோடு வளர்ந்த ஒருவருக்கு வரும் வருத்தம் நிஜமானது, அதைக் கேலி செய்வது அநியாயம். அதே சமயம், அந்த வருத்தத்துக்குக் காரணம் நட்சத்திரம் செய்த துரோகம் என்பது பெரும்பாலும் தவறான முடிவு. வலி உண்மை, துரோகம் உண்மையில்லை என்றால் நடுவில் நடப்பதுதான் என்ன? அதை அடியிலிருந்து பார்ப்போம். உளவியல் படித்திருக்கத் தேவையில்லை.

பிம்பம் என்றால் என்ன?

முடியும் சட்டையும் பிம்பத்தின் ஒரு மூலைதான். ஒரு நட்சத்திரத்தைப் பற்றி வெளியில் தெரிகிற எல்லாம் சேர்ந்து நம் மனத்தில் ஓர் ஆளை உருவாக்குகின்றன அல்லவா, அந்த ஆள்தான் பிம்பம். பாட்டின் ஓசை, மேடையில் நிற்கும் விதம், பேட்டியில் பேசும் தொனி, எதைப் பற்றிப் பாடுகிறார், எதைப் பற்றி வாயே திறப்பதில்லை, யாருக்கு எதிராக நிற்பதுபோல் தெரிகிறார் என எல்லாமே அதில் சேரும்.

பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1972-இல் அவர் சிகி ஸ்டார்டஸ்ட் என்ற கற்பனைப் பாத்திரமாக மேடையேறினார். சிவப்புத் தலைமுடி, பளபளக்கும் உடை, விண்வெளியோடு தொடர்புள்ள ஒரு ராக் பாடகர் என்ற கதை. 1973 ஜூலை 3 அன்று லண்டன் ஹேமர்ஸ்மித் ஓடியன் அரங்கில், இதுதான் நாங்கள் செய்யும் கடைசி நிகழ்ச்சி என்று திடீரென்று அறிவித்தார். அவரோடு மேடையில் நின்ற பேஸ் கிட்டார் கலைஞருக்கும் டிரம்மருக்குமே அது முன்கூட்டித் தெரியாது. போவியே இசையை விட்டுவிட்டார் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். அவர் விட்டது சிகியை மட்டும்தான். அந்த ஆண்டே அடுத்த ஆல்பம் வந்தது.

அந்தக் குழப்பம் தற்செயலானதில்லை. பாத்திரம் வேறு, மனிதர் வேறு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ரசிகரின் மனத்தில் இரண்டும் தனித்தனி அறைகளில் இருப்பதில்லை.

பிம்பத்தைப் பாதிதான் நட்சத்திரத்தின் தரப்பு செய்கிறது. இசைத்தட்டு நிறுவனம், உடை வடிவமைப்பாளர், புகைப்படக்காரர், விளம்பரக் குழு எல்லாரும் அதில் உண்டு. மிச்சப் பாதியை ரசிகர் நிரப்புகிறார். பாட்டில் வரும் தனிமை தன் தனிமை மாதிரியே இருக்கிறது, ஆகவே இவரும் என்னைப் போன்ற ஆள்தான் என்று அவரே ஒரு கோடு இழுத்து முடித்துவைக்கிறார். இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உடையப்போவது பெரும்பாலும் ரசிகர் நிரப்பிய அந்தப் பாதிதான்.

பச்சை வீடு

உங்கள் தெருமுனையில் ஒரு பச்சை வீடு இருக்கிறது என்று வையுங்கள். அது உங்கள் வீடு இல்லை. உள்ளே நீங்கள் போனதுகூட இல்லை. ஆனால் யார் வழி கேட்டாலும் "பச்சை வீட்டுக்கு நேர் எதிரே" என்றுதான் வருடக்கணக்காகச் சொல்லிவருகிறீர்கள். ஒருநாள் காலையில் அந்த வீட்டுக்குச் சாம்பல் நிறம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்காரருக்கு அதற்கு முழு உரிமை உண்டு, உங்களிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் வீட்டில் ஒரு செங்கல்லும் அசையவில்லை. ஆனாலும் இனி வழி கேட்பவரிடம் என்ன சொல்வீர்கள்? உங்கள் வீட்டுக்கே நீங்கள் சொல்லிவந்த அடையாளம் செல்லாமல் போய்விட்டது.

நட்சத்திரத்தின் பிம்பம் ரசிகருக்கு அந்தப் பச்சை நிறம் மாதிரி. அது அவருடையது இல்லை, ஆனால் தான் யார் என்று சொல்ல அதைப் பயன்படுத்திவருகிறார். அது மாறும்போது நட்சத்திரம் எங்கும் போய்விடுவதில்லை. ரசிகர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பேச்சில்தான் ஓட்டை விழுகிறது.

புதிய சாம்பல் நிறம் பச்சையைவிட அழகாகவே இருக்கலாம். அதனால் ஓட்டை அடைபடாது. ரசிகர்கள் அடிக்கடி தடுமாறுவது இங்கேதான். "எனக்கு ஒன்று தொலைந்துபோன மாதிரி இருக்கிறது" என்று சொல்ல வார்த்தை கிடைக்காமல், "புதிய பாட்டு மோசம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் பாட்டு மோசமா இல்லையா என்று விவாதம் நாள்கணக்கில் நீள்கிறது. உண்மையான சங்கதியைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

ஒருவழி உறவு

சரி, முன்பின் சந்தித்தே இராத ஒருவர் எப்படி நம் விலாசத்துக்குள் வந்து உட்கார்ந்தார்?

1956-இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். தொலைக்காட்சி அப்போதுதான் வீடுகளுக்குள் பரவிக்கொண்டிருந்தது. நிகழ்ச்சி நடத்துபவர் கேமராவைப் பார்த்து நேரில் பேசுவதுபோலவே பேசுகிறார், பார்ப்பவருக்கு அவரைத் தெரிந்த மாதிரி ஆகிவிடுகிறது, ஆனால் அவருக்குப் பார்ப்பவரைத் தெரியாது. இந்த நிலைக்கு அவர்கள் பாராசோஷியல் என்று பெயர் வைத்தார்கள். ஒரு பக்கம் மட்டுமே மற்றவரை அறிந்திருக்கும் உறவு என்பது அதன் பொருள். இந்தக் கட்டுரையில் அதை ஒருவழி உறவு என்றே சொல்லிக்கொள்வோம்.

இதை நோய் என்று நினைப்பவர்கள் பலர். அது நோய் இல்லை. ஒரு முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால், ஒரு குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டால், மனிதருக்கு நெருக்கம் தோன்றிவிடும். அந்தக் குரல் ஒலிபெருக்கி வழியே வந்ததா, எதிரில் இருந்து வந்ததா என்று மனம் ஒவ்வொரு முறையும் நின்று சோதித்துக்கொண்டிருப்பதில்லை. அதிலும் பாட்டு என்பது காதுக்குள் நேரே வருவது, தனியாக இருக்கும்போது வருவது, ஒரே பாட்டை நூறு முறை கேட்கிறோம். நண்பர் ஒருவர் ஒரே வாக்கியத்தை நூறு முறை நம்மிடம் சொல்வதில்லை.

நண்பருக்கும் நட்சத்திரத்துக்கும் பெரிய வித்தியாசம் மாற்றத்தின்போதுதான் தெரியும். நண்பர் மாறும்போது கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறார், நாம் பக்கத்தில் இருக்கிறோம். "என்ன, புதுசா இருக்கே?" என்று கேட்கலாம். அவர் பதில் சொல்வார், கோபித்துக்கொள்ளலாம், சமாதானமும் ஆகலாம். நட்சத்திரத்தின் மாற்றம் அப்படி வருவதில்லை. இரண்டு வருடம் நமக்குத் தெரியாத அறைகளில் நடந்த யோசனைகளின் முடிவு, ஒரு வெள்ளிக்கிழமை ஆல்பமாக நம் கையில் விழுகிறது. அவருக்கு அது இரண்டு வருட நகர்வு, நமக்கு ஒரே இரவு. கேள்வி கேட்க வழியும் இல்லை.

கைப்பேசி வந்தபிறகு இந்த உறவு இன்னும் அடர்த்தியாகிவிட்டது. நட்சத்திரம் காலையில் நாய்க்குட்டியோடு ஒரு படம் போடுகிறார், இரவில் தூக்கம் வரவில்லை என்று எழுதுகிறார். நெருக்கம் கூடக்கூட, மாற்றம் வரும் நாளில் விழும் அடியும் கூடுகிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பிம்பத்தில் பாதி ரசிகர் செய்தது. அதை வைத்து அவர் தன்னை அடையாளம் சொல்லிக்கொள்கிறார். உறவு ஒருவழியானது என்பதால், மாற்றம் அறிவிப்பாக மட்டுமே வந்துசேர்கிறது.

பிம்பத்தின்மேல் ரசிகர் எதை ஏற்றி வைக்கிறார்?

இன்னும் ஒரு சொல் தேவை. ஹென்றி தஜ்ஃபெல், ஜான் டர்னர் ஆகிய உளவியலாளர்கள் 1970-களில் சமூக அடையாளம் என்ற கருத்தை விரித்து எழுதினார்கள். "நான் யார்" என்ற கேள்விக்கு நாம் சொல்லும் பதிலில் ஒரு பகுதி, "நான் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்" என்பதிலிருந்து வருகிறது. அந்தப் பகுதிக்குத்தான் சமூக அடையாளம் என்று பெயர். அந்தக் கூட்டம் உயர்ந்தால் நாமும் உயர்ந்த மாதிரி தோன்றும், அதைக் குறைசொன்னால் நம்மையே குறைசொன்ன மாதிரி சுடும்.

ஒரு பாடகரின் ரசிகர் கூட்டம் அப்படிப்பட்ட ஒன்று. பதின்ம வயதில் அது மிகவும் பலமாக ஒட்டிக்கொள்கிறது. வீட்டில் கொடுத்த அடையாளம் போதாமல், தனக்கென்று ஒன்றைத் தேடும் வயது அது. அப்போது பிடித்த பாட்டு வெறும் பாட்டாக இருப்பதில்லை. நான் சோகமானவள், நான் எதிர்த்துப் பேசுபவன், நான் மற்றவர்கள் மாதிரி இல்லை என்பதற்கான அத்தாட்சியாகவும் அது இருக்கிறது. முப்பது வயதில் பிடித்த பாடகர் மாறினால் தோளைக் குலுக்கிவிட்டுப் போகிறவர், பதினைந்தில் பிடித்தவர் மாறினால் மட்டும் ஏன் துடிக்கிறார் என்பதற்கு இதுவே பெரிய காரணம்.

இது எந்த அளவுக்குப் போகும் என்று காட்ட, பாப் இசை வரலாற்றில் ஓர் இரவைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

மான்செஸ்டர், 1966 மே 17

அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1960-களின் தொடக்கத்தில் ஒற்றை அக்கூஸ்டிக் கிட்டாரும் ஹார்மோனிகாவுமாக வந்தவர். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் கறுப்பின மக்களின் சம உரிமைக்காக நடந்த பெரும் பேரணியில் பாடியவர். அந்த நாட்களில் ஃபோக் என்ற நாட்டார் பாணி இசை கேட்பவர்களுக்கு மின்சாரம் இல்லாத கிட்டார் ஒரு கொள்கைச் சின்னம். வணிக வானொலியில் ஓடும் ராக் இசை எதிர்முகாம். இந்தக் கிட்டாரைக் கேட்கிறேன் என்றால் நான் நியாயத்தின் பக்கம் நிற்கிறேன் என்று அர்த்தம். பச்சை நிறம் எவ்வளவு கனமானது பாருங்கள்.

1965 ஜூலை 25 அன்று நியூபோர்ட் ஃபோக் திருவிழாவில் டிலன் மின்கிட்டாரோடு வந்து, இசைக்குழுவோடு மூன்று பாட்டுகள் பாடினார். கூட்டத்தில் கூச்சல். ஒலி அமைப்பு மோசமாக இருந்ததால் கத்தினார்கள் என்பவர்களும் உண்டு, மூன்றே பாட்டோடு முடித்ததால் கத்தினார்கள் என்பவர்களும் உண்டு. ஆனால் அதற்கடுத்த மாதங்களில் ஊர் ஊராகக் கூச்சல் தொடர்ந்தது. தினமும் அதைக் கேட்டு மனம் வெறுத்து, டிரம்மர் லெவான் ஹெல்ம் அந்த ஆண்டு முடிவதற்குள் பயணத்தைவிட்டே விலகிப்போனார்.

இங்கிலாந்தில், மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் நடந்த நிகழ்ச்சி இரண்டு பாகமாக அமைந்தது. முதல் பாதியில் டிலன் தனியாக, அக்கூஸ்டிக் கிட்டாரோடு. அரங்கம் அமைதியாகக் கேட்டு, கைதட்டியது. இரண்டாம் பாதியில் குழுவோடு, மின்கிட்டாரோடு. அதே அரங்கம், அதே மனிதர், அதே இரவு. மெதுவான கைதட்டல் எழுந்தது, பாராட்டாக இல்லை, தொந்தரவு செய்வதற்காக. கடைசிப் பாட்டுக்குச் சற்று முன் கூட்டத்திலிருந்து ஒரு குரல் "யூதாஸ்!" என்று கத்தியது. டிலன் மைக்கில், "உன்னை நான் நம்பவில்லை. நீ ஒரு பொய்யன்" என்றார். பிறகு குழு காது கிழியும் சத்தத்தில் கடைசிப் பாட்டைத் தொடங்கியது. அந்த ஒலிப்பதிவு பல ஆண்டுகள் திருட்டுப் பதிப்பாகச் சுற்றியது. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் எடுத்தது என்ற தவறான பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டது. 1998-இல்தான் அதிகாரபூர்வமாக வெளியானது.

கத்தியவர் "சத்தம் அதிகம்" என்று கத்தவில்லை, "பாட்டு நன்றாயில்லை" என்றும் கத்தவில்லை. யூதாஸ் யார்? இயேசுவின் கூடவே இருந்து உண்டு, அவரைக் காட்டிக்கொடுத்தவன். அந்நியரை யாரும் யூதாஸ் என்று அழைப்பதில்லை. அந்த ஒரு கூச்சலில் ஒருவழி உறவு முழுதாகத் தெரிகிறது. உன்னை நான் என் ஆளாக நினைத்திருந்தேன், உன்னை வைத்துத்தான் நான் எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போது நான் எங்கே நிற்பது? மேடையிலிருந்து பார்த்தாலோ கதை வேறு. டிலன் யாருக்கும் அப்படி ஒரு வாக்குக் கொடுத்ததில்லை. மின்கிட்டார் கலந்த ஆல்பம் 1965 மார்ச்சிலேயே வெளிவந்துவிட்டது, நுழைவுச்சீட்டு வாங்கியவர்களுக்கு அது தெரிந்திருக்கும். தெரிந்தும் வலித்தது. தகவல் இல்லாததால் வரும் அதிர்ச்சி இல்லை இது. நம்பிக்கையை விட மனம் வராததால் வருவது.

டிலன் தரப்பிலும் விலை இருந்தது என்பதை மறக்கக் கூடாது. இருபத்தைந்தாவது பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்த ஓர் இளைஞர், இரவுக்கு இரவு தன் புதிய வேலையைக் கூச்சலுக்கு நடுவே செய்துகாட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பயணத்துக்குப் பிறகு 1974 வரை அவர் பெரிய சுற்றுப்பயணம் எதுவும் போகவில்லை.

ஒரே மாற்றம், வேறு வேறு ரசிகர்கள்

எல்லா ரசிகரும் ஒரே மாதிரி அடிபடுவதில்லை. ஒவ்வொருவரும் அந்த வீட்டின் எந்த அம்சத்தைச் சொல்லி வழிகாட்டினார் என்பதைப் பொறுத்தது அது. நிறத்தைச் சொன்னவருக்கு நிறம் மாறினால் பிரச்சினை. "பெரிய வேப்பமரம் இருக்கும் வீடு" என்று சொன்னவருக்கு நிறம் எதுவானால் என்ன, மரத்தை வெட்டினால்தான் பிரச்சினை.

அமெரிக்கப் பாடகி மைலி சைரஸ் 2006 முதல் 2011 வரை ஒரு சிறுவர் தொலைக்காட்சித் தொடரின் நாயகி. 2013 ஆகஸ்டில் எம்டிவி இசை வீடியோ விருது மேடையில் அவர் ஆடிய கவர்ச்சி ஆட்டம் உலகம் முழுக்கப் பேச்சானது. அப்போது அவருக்கு வயது 20. தொடர் தொடங்கியபோது எட்டு வயதாக இருந்த ரசிகைக்கு அப்போது பதினைந்து. அவளும் குழந்தைப் பிம்பத்தை உதறிக்கொண்டிருந்த நேரம். அவளுக்கு மைலியின் மாற்றம் துணையாகவே தெரிந்திருக்கலாம். அதே 2013-இல் எட்டு வயதாகி, பழைய தொடரின் மறுஒளிபரப்பில் மைலியைக் கண்டுபிடித்த குழந்தைக்கு அந்த மேடை புரியாத அதிர்ச்சி. நட்சத்திரம் ஒன்றுதான், ரசிகர் நிற்கும் படி வேறு. நட்சத்திரத்தின் வேகமும் ரசிகர் வளரும் வேகமும் ஒத்துப்போனால் மாற்றம் உறுத்துவதில்லை.

கொரிய பாப் உலகம் இதற்கு இன்னும் தெளிவான சான்று. அங்கே ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கான்செப்ட் என்று ஒன்று உண்டு. இந்த முறை பள்ளிச் சீருடை, அடுத்த முறை கறுப்புத்தோல் உடை, அதற்கடுத்த முறை இளஞ்சிவப்பு முடி. யாரும் கலங்குவதில்லை, அடுத்த கான்செப்ட் எது என்று காத்துக் கிடக்கிறார்கள். நிறம் மாறும் என்பது முதல் நாளிலிருந்தே ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனால் 2024 தொடக்கத்தில் ஏஸ்பா குழுவின் கரீனா ஒரு நடிகரைக் காதலிக்கிறார் என்ற செய்தி வெளியானபோது, ரசிகர்களில் ஒரு பகுதியினர் நிறுவன வாசலுக்குக் கண்டன வாசகம் ஓடும் லாரியையே அனுப்பினார்கள். கரீனா கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதி வெளியிட்டார். அந்த ரசிகர்கள் வழிசொன்னது முடி நிறத்தை வைத்தில்லை. "இவர் எங்களுக்காக மட்டுமே இருக்கிறார்" என்ற மரத்தை வைத்து. ஒருவர் தன் காதலுக்காக மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது எனக்குப் பெரும் வேதனை. அந்த மரத்தை நட்டதில் ரசிகர்களுக்கு மட்டுமல்ல, அப்படியொரு நெருக்கத்தை விற்பனைப் பொருளாக்கிய தொழிலுக்கும் பங்கு உண்டு.

மனம் கணக்கைச் சரிக்கட்டும் விதம்

சரி, மாற்றம் நடந்துவிட்டது. ரசிகர் அடுத்து என்ன செய்கிறார்?

உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-இல் எழுதிய ஒரு கருத்து இங்கே கைகொடுக்கும். ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு எண்ணங்களை ஒரே நேரத்தில் வைத்திருப்பது மனத்துக்குச் சங்கடம், அந்தச் சங்கடம் தீரும்வரை மனம் எதையாவது மாற்றிக்கொண்டே இருக்கும் என்றார் அவர். அந்தச் சங்கடத்துக்கு மன முரண்பாடு என்று பெயர். ரசிகரின் தலைக்குள் "இவரை எனக்கு உயிர்" என்பது ஒன்று, "இப்போது இவர் செய்வது பிடிக்கவில்லை" என்பது இன்னொன்று. இரண்டில் ஒன்று வளைந்தாக வேண்டும்.

பழியை வேறிடத்தில் போடுவது எளிதான வழி. இதெல்லாம் நிறுவனம் செய்த வேலை, புதிய மேலாளர் கெடுத்துவிட்டார், கூடவே சுற்றும் காதலர் மாற்றிவிட்டார். நட்சத்திரம் தப்பிவிடுகிறார், அன்பும் தப்பிவிடுகிறது. சிலர் பழையதைத் திருப்பி எழுதுகிறார்கள். அவர் தொடக்கத்திலிருந்தே இப்படித்தான், அந்தப் பழைய பாட்டிலேயே இதற்கு அறிகுறி இருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை என்பார்கள். இதில் சில சமயம் உண்மையும் இருக்கும். சிலர் ஆளையே இரண்டாக வெட்டிவிடுகிறார்கள்: "பழைய அவர்" என்னுடையவர், "புதிய அவர்" யாரோ. இன்னும் சிலர் வலுக்கட்டாயமாகப் பிடித்துப்போக வைக்கிறார்கள். பத்து முறை கேட்டால் பிடித்துவிடும் என்று உட்கார்ந்து கேட்பார்கள், உண்மையில் பிடித்தும்விடும். வேறு யாராவது குறைசொன்னால் இவர்கள்தான் முதலில் பாய்வார்கள்.

இந்தக் கடைசி வகையை நான் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. உரத்துக் கத்தும் விசுவாசத்தை முழு திருப்தி என்று பலர் தப்பாகப் படிக்கிறார்கள். பல நேரங்களில் அந்தச் சத்தம் ரசிகர் தனக்குள்ளேயே இன்னும் முடிக்காத வாதத்தின் சத்தம். ரசிகர் சண்டைகளில் எதிராளியைவிடக் கூட்டத்துக்குள் சந்தேகம் எழுப்பும் ஆளிடம்தான் அதிகக் கடுமை காட்டுகிறார்கள் என்பதைக் கவனித்தால் இது புரியும்.

சுருக்கமாகச் சொன்னால், மாற்றம் ஒரு முரண்பாட்டை உண்டாக்குகிறது. பழி மாற்றுவது, பழையதைத் திருத்துவது, ஆளை இரண்டாக்குவது, தன்னை வளைப்பது என்று ஏதாவது ஒரு வழியில் ரசிகர் அதைத் தீர்த்துக்கொள்கிறார். எதுவும் முடியாவிட்டால் விலகிப்போகிறார்.

சில மாற்றங்கள் ஏன் எளிதில் செரிக்கின்றன?

வீட்டுக்காரர் நிறம் அடிக்கும் முன் தெருக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? அனுமதி கேட்க வேண்டியதில்லை, சொன்னால் போதும். பெரிய வித்தியாசம் அதிலேயே வந்துவிடுகிறது.

டெய்லர் ஸ்விஃப்ட் 2006-இல் நாட்டுப்புறச் சாயல் கொண்ட கன்ட்ரி இசையில் தொடங்கியவர். 2012 ஆல்பத்தில் பாதிக்கால் பாப் பக்கம் வைத்தார். 2014 அக்டோபரில் வந்த ஆல்பத்தை முழுக்கப் பாப் என்று வெளிப்படையாகவே அறிவித்தார். வெளியாகும் முன்பே ரசிகர்கள் சிலரைத் தன் வீடுகளுக்கு அழைத்து, உட்காரவைத்துப் போட்டுக்காட்டினார். ஒருவழி உறவில் ஒரு சின்ன மறுவழி திறந்த மாதிரி ஆயிற்று. அழைக்கப்பட்டவர்கள் மிகச் சிலர்தான், ஆனால் செய்தி எல்லோருக்கும் போய்ச்சேர்ந்தது. அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே 12 லட்சத்துக்கு மேல் விற்றது.

அவர் அதைவிடப் புத்திசாலித்தனமாகச் செய்தது பின்னால் வந்தது. 2023 மார்ச்சிலிருந்து 2024 டிசம்பர் வரை 149 நிகழ்ச்சிகளாக நடந்த சுற்றுப்பயணத்தில், தன் ஆல்பங்களைக் காலகட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதனதன் உடையோடும் நிறத்தோடும் ஒரே இரவில் மேடையேற்றினார். பதினைந்து வருடம் முன்பு ஒட்டிக்கொண்டவருக்கும் நேற்று வந்தவருக்கும் அவரவர் பச்சை வீடு சில நிமிடங்களுக்கு அப்படியே திரும்பக் கிடைத்தது. பழைய பிம்பத்தை மறைக்கவும் இல்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை. பழைய ரசிகர் எதிர்பார்ப்பது பெரும்பாலும் இவ்வளவுதான்: நான் அன்று நேசித்தது பொய்யில்லை என்று அவர் வாயால் ஒருமுறை கேட்க வேண்டும்.

பிரிட்டிஷ் பாப் பாடகர் ஜார்ஜ் மைக்கேல் நேர் எதிர்த்திசையில் போனார். 1987 ஆல்பத்தில் தோல்ஜாக்கெட்டும் கறுப்புக்கண்ணாடியுமாக உலகம் முழுக்க அறிமுகமான முகம் அது. 1990-இல் அடுத்த ஆல்பம் வந்தபோது அட்டையில் அவர் முகமே இல்லை. ஒரு பாட்டின் வீடியோவில் அவர் தோன்றவே இல்லை, அவர் வரிகளுக்கு ஐந்து பெண் மாடல்கள் உதடசைத்தார்கள். அந்தப் பழைய தோல்ஜாக்கெட் கொக்கியில் தொங்கியபடி தீப்பற்றி எரியும், பழைய வீடியோவில் வந்த கிட்டாரும் பாட்டுப்பெட்டியும் வெடித்துச் சிதறும். அவர் சொல்ல வந்தது நேர்மையானது: அந்த ஆள் நான் இல்லை. பலருக்கு அது பிடித்தது. ஆனால் அமெரிக்காவில் விற்பனை முந்தையதைவிட வெகுவாகக் குறைந்தது. அந்த ஜாக்கெட்டைத் தங்கள் இளமையின் அடையாளமாக வைத்திருந்தவர்கள் அது எரிவதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

எந்த முன்னறிவிப்பும் பயன்படாத மாற்றமும் உண்டு. 1999-இல் கன்ட்ரி இசையின் மிகப்பெரிய நட்சத்திரமான கார்த் புரூக்ஸ், கிறிஸ் கெய்ன்ஸ் என்ற கற்பனை ராக் பாடகராக வேறு முடி, வேறு முகத்தோடு ஆல்பம் வெளியிட்டார். பின்னால் வரவிருந்த ஒரு படத்துக்கு முன்னோட்டம் என்று விளக்கமும் சொன்னார். படம் வரவே இல்லை, ரசிகர்களுக்குப் புரியவும் இல்லை. பழைய வீட்டுக்கும் புதிய வீட்டுக்கும் நடுவில் ஒரு பொதுவான ஜன்னல்கூட இல்லாவிட்டால் யாராலும் வழி சொல்ல முடியாது.

பிம்பம் வேறு, நடத்தை வேறு

இங்கே ஒரு கோட்டை அழுத்தமாகப் போட்டாக வேண்டும். ஒரு நட்சத்திரம் யாரையாவது துன்புறுத்தினார், வெறுப்பைப் பரப்பினார் என்பது பிம்ப மாற்றம் இல்லை. அதில் பாதிக்கப்பட்ட மனிதர்கள் இருக்கிறார்கள். அப்போது விலகும் ரசிகரை "மாற்றத்தை ஏற்கத் தெரியாதவர்" என்று சொல்வது அபத்தம். அதேபோல, முடி நிறம் மாற்றியதற்கும் இசை வகை மாற்றியதற்கும் துரோகி என்ற சொல்லைத் தூக்கினால், நிஜமான தவறு நடக்கும் நாளில் நம் கையில் சொல் மிச்சமிருக்காது.

எது எது என்று தெரியாமல் குழம்பினால் இரண்டு கேள்விகள் உதவும். இந்த மாற்றத்தால் நட்சத்திரத்துக்கு வெளியே யாருக்காவது தீங்கு நடந்ததா? முதன்முதலாக இன்றுதான் இவரைப் பார்க்கும் ஒருவருக்கும் இதே கோபம் வருமா? இரண்டுக்கும் இல்லை என்றால், நீங்கள் உணர்வது இழப்பு. இழப்புக்குத் தண்டனை கொடுக்க ஆள் தேடாதீர்கள், வருத்தப்பட்டுக்கொள்ளுங்கள். அது அனுமதிக்கப்பட்ட ஒன்றுதான்.

விலகிப்போகிறவர்கள்

ஒரு நாள் புதிய ஆல்பத்தைக் கேட்க மனமில்லாமல் போய்விடுகிறது. அடுத்ததையும் கேட்பதில்லை. சத்தமில்லாமல் இப்படி விலகுகிறவர்கள்தான் அதிகம், செய்தியில் வருவதில்லை என்பதால் யாருக்கும் தெரிவதில்லை. ரசிகர் கூட்டங்கள் இவர்களைப் பொய்யான ரசிகர்கள் என்று ஏசுவது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதில்லை. எட்டு வருடம் நேசித்தது எட்டு வருட நேசம்தான், ஒன்பதாவது வருடம் அதைப் பொய்யாக்கிவிடாது.

ஒலிப்பதிவு மாறுவதில்லை என்பது இவர்களுக்குச் சாதகம். பாடகர் எத்தனை முறை மாறினாலும் 2008-இல் பதிவான பாட்டு 2008-இல் பதிவானபடியே இருக்கிறது, அதைக் கேட்க அவருடைய இன்றைய பிம்பத்தின் சம்மதம் தேவையில்லை. பலர் சில வருடம் கழித்து அந்தப் பாட்டு வழியாகத் திரும்பிவருகிறார்கள். அப்போது, கேட்காமல் விட்ட நடு ஆல்பங்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, அன்று கோபம் வந்த அந்த ஆல்பம் அவ்வளவு மோசமில்லையே என்று ஆச்சரியப்படுகிறார்கள். பாட்டு அதேதான். அன்று அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தது பாட்டை இல்லை, காணாமல்போன பச்சை நிறத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் தங்கள் வீட்டுக்கு வழிசொல்ல அவர்களுக்கு வேறு அடையாளங்கள் கிடைத்துவிட்டன.